சுண்டல் தீபாவளி

“வெல்லம் கூடவா ஆகாது?”

டில்லிபாபு போட்ட சத்தத்தில், கார் நிறுத்துமிடத்தில் பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வாயை மூடினார்கள்.

மந்தைவெளியில் இருபத்திநாலு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. ஞாயிறு காலை அவசரக் கூட்டம். வியாழக்கிழமை மாலை பிள்ளைகளுக்குத் தீபாவளி விழா. வருஷா வருஷம் ஜாங்கிரி, பாதுஷா, கலர் கலராக மிட்டாய் என்று அமர்க்களப்படும். இந்த வருஷம் செயலாளர் ஹம்சா, லிஃப்ட் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாள்.

‘சுண்டல், வேர்க்கடலை, கொய்யாத் துண்டு, வெள்ளரிக்காய். விழாவில் இனிப்பு கிடையாது. யாரும் வீட்டிலிருந்தும் கொண்டுவர வேண்டாம்.’

“வெல்லமும் வேண்டாம் சார்” என்றாள் ஹம்சா.

“நாட்டுச் சர்க்கரை?”

“வேண்டாம்.”

“பேரீச்சம்பழ உருண்டை? அதுவாவது குடுக்கலாம்ல?”

“அதுவும் வேண்டாம் சார்.”

“இன்னாம்மா இது! கலர் போட்டது வேணாம், வெள்ளைச் சர்க்கரை வேணாம், அது வரைக்கும் ஓகே. பேரீச்சம்பழம் இன்னா பாவம் பண்ணுச்சு? தீபாவளியும் அதுவுமா புள்ளைங்க வெள்ளரிக்கா துன்னுமா?”

எல்லாரும் சிரித்தார்கள். ஹம்சா சிரிக்கவில்லை.

தலைவர் ஹபீபுர் ரஹ்மான் கையமர்த்தினார். “காரணம் சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சு போச்சேம்மா.”

“பிள்ளைங்க உடம்புக்கு நல்லது. அவ்வளவுதான் சார்.”

“ஒரு நாளைக்குச் சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாது மேடம்!” பின் வரிசையிலிருந்து ஒரு குரல்.

“ஆறு வருஷமா செயலாளரா இருக்கோம்ங்கற திமிரு” என்றது இன்னொன்று.

அப்போதுதான் ஆஷா எழுந்தாள். ஜூன் மாதம்தான் முதல் மாடிக்குக் குடிவந்தவள். எட்டு வயசில் ஒரு பெண். எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காதவள்.

“எங்க குழந்தைக்கு என்ன குடுக்கணும்னு எங்களுக்குத் தெரியாதா?” குரல் நடுங்கியது. “பண்டிகை அன்னிக்கு வாயைக் கட்டினா குழந்தை மனசு என்ன பாடுபடும்னு... பெத்து வளர்த்தவங்களுக்குத்தான் தெரியும்.”

எல்லார் பார்வையும் ஹம்சா பக்கம் திரும்பியது.

ஹம்சாவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். குழந்தை இல்லை. அது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

“அந்தப் பேச்சு வேணாம்மா” என்றார் ஹபீபுர் ரஹ்மான் மெதுவாக.

ஆஷா தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஹம்சா அவளை ஒரு தரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“ஓட்டுக்கு விடுங்க தலைவரே. இந்தம்மா சொல்றதுக்கெல்லாம் ஆட முடியாது” என்றார் டில்லிபாபு.

கை தூக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

“ஓட்டு வேண்டாம் சார்” என்றாள் ஹம்சா. “நானே விலகிக்கறேன். வெள்ளிக்கிழமை காலைல சாவி, ஃபைல் எல்லாம் உங்க கைல குடுத்துடறேன். பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. வியாழக்கிழமை விழா மட்டும் நான் சொன்னபடி நடக்கட்டும்.”

டில்லிபாபுவே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார். “வெள்ளரிக்காய்க்காகப் பதவிய விடறியாம்மா?”

“ஆமா சார்.”

ஹபீபுர் ரஹ்மான் எல்லாரையும் பார்த்தார். யாரும் மறுக்கவில்லை. சனியன் விட்டது என்று சிலர் முணுமுணுத்தது ஹம்சா காதிலும் விழுந்தது. அவள் படியேறி மூன்றாவது மாடிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டாள்.

கால் மணி கழித்து அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஆஷா.

உள்ளே வந்தவள், தானே கதவைத் தாழிட்டாள். ஹம்சாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

“அக்கா... அந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னே தெரியலக்கா. எல்லாரும் உங்களைத் திட்டறாங்க. நான் மட்டும் சும்மா இருந்தா, யாருக்காக இதெல்லாம்னு சந்தேகம் வந்துடுமோன்னு பயந்துட்டேன். அவ பொண்ணாச்சேக்கா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவ கல்யாணம் வரைக்கும் பேசுவாங்கன்னு எங்க மாமியார் தினமும் சொல்றாங்க. நான் அப்படிப் பேசினதும் நீங்க கோவத்துல உண்மையைப் போட்டு உடைச்சிடுவீங்கன்னு உயிரே போயிடுச்சு. நீங்க...”

“சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேனே ஆஷா.”

ஹம்சா அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். தன் கண்ணையும் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள்.

“அதை விடு. குழந்தை எப்படி இருக்கா?”

“இப்பதான் இன்சுலின் போட்டுட்டு வர்றேன்க்கா. ‘வியாழக்கிழமை மத்த பிள்ளைங்க சாப்பிடறதையே நானும் சாப்பிடலாமாம்மா?’ன்னு காலைலேர்ந்து நாலு தடவை கேட்டுட்டா.”