வழுக்கும் சக்கரம்

தென்காசியில் ஒற்றை அறையில் ‘குளோபல்’ கம்பெனி நடத்தும் எபனேசர், பரோட்டா தின்று கழுவாத கட்டைவிரலால் ஐபோனில் லாட்ஜ் புக்கிங் ஆப்பின் தேதிச் சக்கரத்தை உருட்டிக் காட்டினார்.

“ஏட்டி ரூபி, ஆண்ட்ராய்டுலயும் இப்படியே வழுக்கணும். இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத.”

மூக்கைச் சுளித்தபடியே ரூபி அச்சு அசலாகச் செய்து முடித்தாள்.

ஆப் கேட்டிருந்த குற்றாலம் லாட்ஜ்காரர் துல்கர்னைன், வேறு யார் கையும் படாத தம் புதுப் போனில் அந்த ஆப்பை ஏற்றி உருட்டினார். நன்றாகத்தான் வழுக்கியது. ஆனால் சக்கரத்தின்மேல் சால்னா நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தார்.

“போக மாட்டேங்குதே. கண்ணாடிக்கு உள்ளல்லா இருக்கு?”

“அது நம்ம கம்பெனி முத்திரை பாய்,” என்றார் எபனேசர், கூசாமல். “ரூபி, உன் வேலை நிரந்தரம்.”

பாராட்டாகக் கட்டைவிரலை அவள் முகத்துக்கு நேரே உயர்த்தினார். ரூபி தலையைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தாள். அவித்து உரித்த முட்டை மாதிரி, அந்த விரல் ஒரு ரேகைகூட இல்லாமல் வழவழவென்று இருந்தது.