தொடாமல் வைத்த காப்பி

அபூ முஹன்னத் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

அம்மான் நகரத்தில் அவர் தட்டிவிட்டு நுழைந்த கதவு ஒன்றுகூட இருக்காது. தயிரும் பாலாடைக்கட்டியும் செய்யும் தொழிற்சாலையைத் தனி ஆளாக எழுப்பியவர். நெஞ்சைப் பிளந்து தைத்த பிறகும் விடியற்காலையில் பால் வண்டிக்கு முன்னால் போய் நிற்பவர். வீட்டாரின் நச்சரிப்பு தாங்காமல், தன் இடத்தில் உட்கார ஓர் ஆளைத் தேடித் தரும்படி ருதைனாவிடம் சொல்லியிருந்தார்.

நிறுவனங்களுக்குத் தலைவர்களைத் தேடித் தருவதுதான் ருதைனாவின் தொழில்.

குடுவையிலிருந்து கசப்புக் காப்பியை ஊற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டார். குடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

காப்பியைத் தொடாமல் வைத்தால் எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று பொருள். 'குடிங்க' என்று சொல்லிவிட்டால், அவர் கேட்பதைச் செய்தே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டு, வந்தவர் குடிக்காமல் எழுந்து போனால் ஊரில் தலைகாட்ட முடியாது. பெண் கேட்டுப் போகும் வீட்டின் வழக்கம்தான். கண்ணாடிச் சுவர் வைத்த அலுவலகத்திலும் அதற்கு விலக்கு இல்லை.

என்ன கேட்கப் போகிறார் என்பதும் தெரியும். அன்று காலையில்தான் முடிவை அனுப்பியிருந்தாள். முதலிடம் மேசூனுக்கு, துபாயில் ஒரு பால் நிறுவனத்தை நடத்தியவள். இரண்டாமிடம் முஹன்னத்துக்கு, இவருடைய ஒரே மகன்.

இந்தத் தொழிலில் இது பழைய வியாதி. வெளியாள் வேண்டும் என்று குடும்பமே ஒற்றைக் காலில் நிற்கும். ரியாத் நிறுவனக்காரர்கள் கொத்திக்கொண்டு போகும் முன் ஒரு நல்ல ஆளைப் பேசி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். எல்லாம் கூடிவரும் நேரத்தில் அப்பா வந்து எதிரில் உட்காருவார்.

"மகளே, அந்தப் பொண்ணு கெட்டிக்காரி. நான் இல்லைங்கல. ஆனா என் பையன் பால் வாடையிலயே வளந்தவன். அவன் பேரை மேல போட்டுடு, ஒரு வரி மாத்துற வேலைதானே. என்ன, குடிக்கவா?"

"வேற எதைக் கேட்டிருந்தாலும் இந்நேரம் குடிங்கன்னு சொல்லியிருப்பேன், அபூ முஹன்னத்."

"அடேயப்பா! உங்கப்பனுக்குக்கூட இவ்வளவு தலைக்கனம் கிடையாதே!" என்று சிரித்தார். சிரிப்பு சட்டென்று நின்றது. "எனக்காகக் கேக்கலம்மா. அவன் வாயைத் திறந்து கேக்கமாட்டான். இது கைவிட்டுப் போச்சுன்னா உடைஞ்சு போயிடுவான்."

ருதைனா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"என்னால வரிசையை மாத்த முடியாது. மன்னிச்சுக்குங்க."

காப்பியிலிருந்து எழும்பிய ஆவி அடங்கிவிட்டது.

அவர் கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று அதை லேசாக ஆட்டி அவள் கையில் கொடுத்தார்.

"என் காப்பி உன் மேசையில ஆறிக் கிடந்துச்சுன்னு நாளைக்கு எவனும் பேசக் கூடாது. நேர்மையான பிள்ளை நீ. கேட்டதுக்கு நான்தான் வெக்கப்படணும்."

அவர் வெளியே போன பிறகும் அவள் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நேர்மையானவள் என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

நேற்று இதே நாற்காலியில் முஹன்னத் உட்கார்ந்திருந்தான். அவனும் காப்பியைத் தொடாமல் வைத்தான்.

பதவியைக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். நேற்று வரை முதலிடத்தில் இருந்தவனே அவன்தான். மேசூன் அவனுக்கு ஒரு படி கீழேதான். அவனுடையதை அவனுக்கே கொடுப்பதில் என்ன வந்துவிடப் போகிறது?

"குடிப்பா, நீ கேட்டது கிடைச்சாச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அவன் குடித்து முடித்தான். அதன் பிறகுதான் கேட்டான்.

"என்னைக் கீழ இறக்கிடுங்க அக்கா. நான் அந்த நாற்காலியில உட்கார்ந்தா அப்பா வீட்டுக்கே போகமாட்டார். தட்டாமக் கொள்ளாம என் அறைக்குள்ள வருவார். என் முதுகுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே ஒருநாள் விழுந்துடுவார். வெளியாளுன்னா அப்படி இல்ல, மரியாதை பாப்பார். கதவைத் தட்டிட்டுத்தான் வருவார். நாலு தடவை தட்டினா, எதுக்கு வம்புன்னு வீட்டுலயே இருந்துடுவார்."

கொடுத்த வாக்கு. அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவன் சொன்னது நடக்குமா என்பதுதான் நேற்றிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது. பிறவிக்குணம் அவ்வளவு எளிதில் மாறுமா? மாறாவிட்டால் மகனை அநியாயமாக இறக்கியதுதான் மிச்சம்.

கோப்பையைக் கழுவலாம் என்று எழுந்தாள்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். மெதுவாக, இரண்டு முறை.

திறந்தாள். அபூ முஹன்னத் வாசலிலேயே நின்றார். நாற்காலியில் மறந்துவிட்டுப் போன தன் தஸ்பீஹ் ஜெபமாலையை அங்கிருந்தே கை காட்டினார்.

"உள்ள வரலாமா, மகளே?"