ரெங்கசாமிக்கு வயது பதினேழு

“ஜெயில்ல இருக்கிற எம்மவன் ரெங்கசாமிக்கு அடையாள அட்டையில ரெண்டு வயசு கூடப் போட்டுட்டாங்கய்யா. பொறப்புப் பத்திரத்துல பதினேழுன்னு இருந்தாப் போதும், துப்பாக்கி கேஸா இருந்தாலும் தூக்கு இல்லன்னு லாயர் சொல்லிட்டாரு” என்றாள் அம்சவல்லி. “வீட்டுல இருந்த பத்திரம் தொலைஞ்சுபோச்சு.”

தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நாகரத்தினம் பதிவு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார்.

“கோர்ட்டுக்கும் ஒண்ணு நேரா அனுப்பச் சொல்லுங்கய்யா. நாள் கடத்தக் கூடாது.”

அவள் கணவன் இராமையா வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

மூன்றாவது வாரம் முத்திரை குத்திய பத்திரம் தபாலில் வந்தது. கொழுந்துக் கூடையை இறக்காமலே அம்சவல்லி ஆபீசுக்கு ஓடி வந்தாள். இராமையா பின்னால் மெதுவாக வந்தான்.

கிராணி இரண்டு முறை படித்தார். “ரெங்கசாமி, தகப்பன் இராமையா, தாய் அம்சவல்லி. எல்லாம் சரி. பொறந்தது ஐம்பத்தொன்பது. இப்ப எழுபத்தெட்டு. வயசு பத்தொன்பதும்மா. கோர்ட்டுக்கும் ஒண்ணு அனுப்பிட்டாங்களாம்.”

“ஐயோ, அது மூத்தவன்யா! மூணாம் மாசமே காய்ச்சல்ல செத்துட்டான். மாமனார் பேரு விட்டுப்போகக் கூடாதுன்னு அடுத்தவனுக்கும் அதையே வெச்சோம். இவன் பொறந்தது அறுபத்தொண்ணு. இந்த மனுஷன்தான் டவுனுக்குப் போயிப் பதிஞ்சிட்டு வந்தாரு.”

அவள் திரும்பி இராமையாவைப் பார்த்தாள். “சொல்லுய்யா, பதிஞ்சிட்டுத்தானே வந்தே?”



“அதே பேருதானே, பழைய பத்திரமே போதும்னு பாதி வழியில திரும்பிட்டேன். அன்னிக்கு நல்ல மழைடி.”