ஏழு உருப்படி

"குளிர் கொஞ்சம் குறையட்டும்" என்றார் அவர்.

"எப்ப குறையும்?"

"எங்க கிடங்குலயா? அங்க எப்பவும் மைனஸ் பதினெட்டுதான்."

போன மாதம் போனில் பேசியது. அவர் சிரித்தார் என்று நானும் சிரித்து வைத்தேன். நான் கேட்க நினைத்தது அது இல்லை.

மகளுக்கு ஐந்து மாதம். அவளும் நானும் என் மாமனார் வீட்டில். என் கணவருக்கு நான்கு மணி நேரம் தள்ளி ஓர் ஊரில், மீன் பெட்டிகள் அடுக்கும் குளிர்பதனக் கிடங்கில் வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் வருவார்.

"அந்த ஊர்க் குளிரைப் பச்சப்புள்ள தாங்குமாடா?" என்று அத்தை ஒருமுறை கேட்டார். அவர் தலையாட்டினார். அதோடு பேச்சு முடிந்தது. "நாங்களும் வர்றோம்" என்று அன்று சொல்ல வந்ததை இன்றுவரை நான் சொல்லவில்லை. அவரே கூப்பிடட்டும் என்று ஒரு ரோஷம்.

இன்று காலை ஏழேகாலுக்கு அவருக்கு பஸ். வழியனுப்பக் குழந்தையோடு நானும் பஸ் நிலையம் வரை போகிறேன்.

மணி ஆறரை. ஜன்னல் கண்ணாடியில் பனி வழிகிறது.

மகளுக்குப் பனியன் போட்டேன். மேலே ஒரு பருத்திச் சட்டை. யோசித்து, இன்னொன்று.

அத்தை வந்தார். கம்பளிச் சட்டையை மாட்டிவிட்டார். "இது இல்லாம வெளிய தூக்கிட்டுப் போவியா? நல்ல பொண்ணு."

"சரி அத்தை."

மாடிவீட்டு டீச்சர் பால் பாக்கெட்டோடு எட்டிப் பார்த்தார். பார்த்த வேகத்தில் மேலே ஓடி, தான் பின்னிய மஞ்சள் ஸ்வெட்டரோடு இறங்கினார். "நெஞ்சுல சளி கட்டுச்சுன்னா அப்புறம் நீதான் அலையணும், சொல்லிட்டேன்."

"சரிங்க டீச்சர்."

நாத்தனார் தன் மகனுடைய பழைய ஜாக்கெட்டை எடுத்து வந்தாள். ஜிப் பாதி வழியில் நின்றது. மூச்சைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

மாமா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "காது, காது" என்றார். குல்லா வந்தது. சாக்ஸ் வந்தது, இரண்டு ஜோடி.

கடைசியில் அத்தையே திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் மேல் சால்வையைச் சுற்றினார். குல்லாவையும் சாக்ஸையும் விட்டுவிட்டால் ஏழு உருப்படி. மகளின் கைகள் இரண்டு பக்கமும் விறைத்து நின்றன, கீழே இறங்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில், 'நீயுமா?' என்றிருந்தது.

வழக்கமாக நான் ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டுவேன். இன்று எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அத்தைக்கே ஆச்சரியம்.

"பரவால்ல, புத்தி வந்துடுச்சு" என்றாள் நாத்தனார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணி, உங்களுக்கும் உடம்பு போட்டுடுச்சு."

"ஆமா, உக்காந்தே சாப்பிடறேன்ல?" என்று ஆட்டோவில் ஏறினேன்.

போக வர என்று பேசிய ஆட்டோ. ஓட்டுநர் கண்ணாடியில் குழந்தையைப் பார்த்து, "முகத்தையும் மூடுங்கம்மா, காத்து அடிக்குது" என்றார். இனி மூட முகம் மட்டும்தான் பாக்கி.

வழியெல்லாம் என் கணவர் மணி பார்த்தார். நான் குழந்தையின் பின்கழுத்தைப் பார்த்தேன். முதல் சிக்னலில் காய்ந்திருந்தது. இரண்டாவது சிக்னலில் வெதுவெதுப்பு.

அது அவர் சொல்லிக் கொடுத்தது. கிடங்கில் இடைவேளை முடிந்து உள்ளே போகுமுன் மேற்பார்வையாளர் ஒவ்வொருவர் காலருக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பாராம். ஈரம் இருந்தால் பனியன் மாற்றாமல் உள்ளே விடமாட்டார். குளிரைவிட வியர்வைதான் ஆளைப் படுக்கப் போடும் என்பார். வீட்டில் இதைச் சொன்னபோது, "பச்சப்புள்ளையும் மீன் பெட்டியும் ஒண்ணாடா?" என்று அத்தை வாயை அடைத்துவிட்டார்.

பஸ் நிலையத்தில் அவரே விரல் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏய், வேர்த்திருக்கு. இவ்வளவு ஏன் போட்ட? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். கழட்டுங்க."

காத்திருப்போர் அறையில் காற்று இல்லாத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தோம். சால்வை. ஜாக்கெட். மஞ்சள் ஸ்வெட்டர். கம்பளிச் சட்டை. அடியிலிருந்த ஒரு பருத்திச் சட்டையையும் கழற்றி, நனைந்த பனியனையும் எடுத்துவிட்டு, கம்பளியை மட்டும் திரும்பப் போட்டுவிட்டேன். மகள் கையை ஆட்டி, பெரிதாக ஒரு மூச்சு விட்டாள்.

நடத்துநர் ஊர்ப் பெயரைக் கத்த ஆரம்பித்தார். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், என்னைத் திரும்ப அழைத்துப் போக.

"இதையெல்லாம் கையில பிடிச்சுட்டு எப்படிப் போவ? சீக்கிரம் ஒரு கவர்ல போடு" என்றார் அவர்.

நான் அவருடைய பையின் ஜிப்பைத் திறந்து துணிகளை உள்ளே அடுக்கினேன்.

"என் பைல எதுக்கு வைக்கற?"

நான் என் ஸ்வெட்டரின் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே சுடிதார். அதற்குள் இன்னொரு சுடிதார், நீல நிறக் கழுத்து கொஞ்சம் வெளியே தெரிந்தது. ஒரு பெட்டி எடுத்து வைத்திருந்தால் வீடே கூடியிருக்கும். துணி போட்டுக்கொண்டால் புத்தி வந்துவிட்டது என்கிறார்கள்.

அவர் நீலக் கழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பஸ் உறுமியது.

நான் அவருடைய பையின் ஜிப்பை மூடினேன்.

"எங்களையும் கூட்டிட்டுப் போங்க."