நான்கு சுற்று ரப்பர் பேண்ட்

குஞ்சிதபாதம் சாரின் பர்ஸுக்குள் ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. பர்ஸைச் சுற்றி மூன்று சுற்று ரப்பர் பேண்ட். பாக்கெட் வாய்க்கு ஓர் ஊக்கு.

“மூச்சு முட்டுது அண்ணே” என்றது கார்டு.

“ஊரெல்லாம் திருடனுங்க. பொறுத்துக்கோ தம்பி” என்றது பர்ஸ்.

ஒருநாள் பஸ்ஸில் போகும்போது சாருக்கு போன் வந்தது.

“பேங்க்ல இருந்து பேசுறோம். சாயங்காலத்துக்குள்ள உங்க கார்டு முடங்கிடும். நம்பரைச் சொல்லுங்க.”

சார் பதறிப்போய் ஊக்கைக் கழற்றி, ரப்பர் பேண்டை உருவி, கார்டை வெளியே எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினாறு எண்களையும் வாசித்தார். பஸ் இரைச்சலில் அந்தப் பக்கம் கேட்கவில்லை. மறுபடி கத்தினார். கண்டக்டர் இரக்கப்பட்டு, டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்த வைத்தார். கார்டின் முதுகில் இருந்த மூன்று எண்களும், மொபைலுக்கு வந்த ரகசிய எண்ணும் பஸ் முழுக்கத் தெளிவாகக் கேட்டன.

“ரொம்ப நன்றிங்க” என்று போனை வைத்தார் சார். கார்டைத் துடைத்து உள்ளே வைத்து, இந்தத் தடவை நான்கு சுற்று சுற்றினார். ஊக்கையும் மறக்காமல் குத்தினார்.

“பார்த்தியா, என்னைத் தாண்டி எவனாவது உன்னைத் தொட முடியுமா?” என்று பர்ஸ் நெஞ்சை நிமிர்த்தியது.

“முடியாது அண்ணே” என்றது கார்டு. “ஆனா நான் இப்ப ஏதோ ஒரு ஊர்ல ரெண்டாவது டிவி வாங்கிட்டிருக்கேன்.”