வெறும் சோளம்

தோல் நழுவுகிறதா என்று பார்த்தான்.

நழுவியது. இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்ததும் மக்காச்சோள மணி மஞ்சள் தோலைக் கழற்றிவிட்டு வெள்ளையாக நின்றது. விரல் நுனி எரிந்தது. பானையில் இருந்தது சுண்ணாம்புத் தண்ணீர்.

உள்ளறையில் மகள் கிடந்தாள். இனெஸ். ஏழு வயது. ஜன்னல்களை அடைத்துவைத்திருந்தான். வெயில் பட்டால் அவள் கை வெந்துபோகும். கழுத்தைச் சுற்றி, யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை மாட்டிவிட்டதுபோல ஒரு தடம். நான்கு நாட்களாக அவனை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

சுண்ணாம்பை அவன் ஸ்பெயினில், தன் ஊரில், இரண்டு இடங்களில்தான் பார்த்திருந்தான்.

சுவரில்.

கொள்ளைநோயில் செத்தவர்களைப் போட்டு மூடிய குழியில்.

கடல் தாண்டி மெக்சிக்கோ மேட்டுக்கு வந்த பிறகு ஷோக்கோதான் சமைத்தாள். அந்த மண்ணின் பெண். கப்பலிலேயே தாயைப் பறிகொடுத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே சோளம் அரைப்பாள். ஒரு வருடம் அவள் கையால் தின்றான். அடுப்படிக்குள் அவன் எட்டிப்பார்த்தது ஒரே ஒரு நாள். அந்த வாரம் குடியேற்றத்தில் ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்திருந்தான். வேலைக்காரி விஷம் வைத்தாள் என்று பேச்சு.

அன்றைக்குப் பார்த்து ஷோக்கோ பானைக்குள் வெள்ளைப் பொடியைப் போட்டாள்.

அடித்தான். கையில் கரண்டி இருந்தது. அது அவள் புருவத்தைக் கிழித்தது. அவள் பானைக்குள் கைவிட்டு ஒரு வாய் அள்ளித் தின்று காட்டினாள். அதுவும் தந்திரம் என்றான். இனெஸ் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷோக்கோ போனாள்.

பானையில் இருந்ததைப் பன்றிகளுக்குக் கொட்டினான். சாகின்றனவா என்று பார்க்க.

மறுநாள் காலையில் பன்றிகள் இன்னும் வேண்டும் என்று கத்தின.

அப்போதே தெரிந்துவிட்டது. ஓடையைத் தாண்டினால் அவள் ஊர். அரைமணி நேர நடை. போகவில்லை. விஷம் வைத்தவளைக் கையும் களவுமாகப் பிடித்ததாக எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. பாதிரியார் அவன் தோளைத் தட்டிக்கொடுத்திருந்தார்.

பிறகு அவனே சமைத்தான். கொண்டுவந்த கோதுமை அந்த மண்ணில் கருகிப்போனது. இருந்தது சோளம்தான். மூன்று தண்ணீரில் கழுவுவான். உப்பைத் தவிர ஒன்றும் சேர்க்கமாட்டான். சுத்தமான சாப்பாடு என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். அவன் வேலை செய்யும் வெள்ளிச் சுரங்கத்தில் அவனுக்கு இறைச்சி போட்டார்கள். பிள்ளைக்கு வீட்டில் கூழ். காலையில் கூழ். மாலையில் கூழ்.

முதலில் கை சிவந்தது. வெயில் என்றான்.

பிறகு வயிறு போனது. குடியேற்றத்தில் வைத்தியமும் பார்க்கும் நாவிதர் வந்து ரத்தம் எடுத்தார். இறைச்சி ஆகாது, கூழ் மட்டும் கொடு என்றார்.

கொடுத்தான்.

இரண்டு வருடம்.

நேற்று ஓடையைத் தாண்டினான். ஏதாவது மூலிகை கிடைக்குமா என்றுதான். ஷோக்கோவின் வீட்டு வாசலில் ஏழெட்டுப் பிள்ளைகள். மேலே சட்டையில்லை. உச்சி வெயில். ஒரு பிள்ளையின் தோலிலும் தடமில்லை. அவர்கள் தின்றுகொண்டிருந்ததும் சோளம்தான்.

அவள் அம்மியின் முன்னால் மண்டியிட்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவன் நோயைச் சொல்லச் சொல்ல அரைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். சொன்னான்.

சுண்ணாம்பில் வெடித்த அவள் கை நின்றது.

"வெறும் சோளமா? சுண்ணாம்பு போடாமயா? அதத் தின்னாத்தான் இப்படி வரும். நாங்க அத நாய்க்குக்கூட வைக்கமாட்டோமே, எசமான்."

உள்ளே போனாள். சோளத்தோலில் சுண்ணாம்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு நேரம் ஊற வேண்டும், தோல் நழுவிய பிறகு எத்தனை முறை கழுவ வேண்டும், எல்லாம் சொன்னாள். தலையாட்டினான். கூட வருகிறாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தான். அவள் புருவத்தில் தழும்பு இருந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான்.

இப்போது கழுவினான். மறுபடி கழுவினான். தண்ணீர் தெளியும்வரை.

அரைத்தது கரகரப்பாகத்தான் வந்தது. கூழ் கொதித்தபோது வீடு முழுக்க அந்த வாசனை ஏறியது. புதிதாக வெள்ளையடித்த சுவரில் மழை பட்டதுபோல. இரண்டு வருடமாக அந்த வீட்டில் இல்லாத வாசனை.

கிண்ணத்தோடு உள்ளே போனான். அடைத்த அறையில் வெளிச்சமில்லை. தடவித் தடவி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

இனெஸ் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது.

"ஷோக்கோ?"

கரண்டியை அவள் உதட்டில் வைத்தான்.

வாய் திறந்தது. விழுங்கினாள்.

இன்னொரு வாய். அதுவும் இறங்கியது.

அவள் கை போர்வைக்கு மேல் ஊர்ந்து வந்து அவன் விரல்களைப் பிடித்தது. சுண்ணாம்பில் வெடித்திருந்த விரல்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"சீக்கிரம் போயிடு," என்றாள் மெதுவாக. "அப்பா பாத்தா அடிப்பாரு."

அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த வாயை அள்ளினான்.