குருவிக் கூண்டும் ஆக்சிஜன் குழாயும்

நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்த படுக்கையாகக் கிடந்தார் வைத்திலிங்கம். அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு கரப்பான்பூச்சி குடியிருந்தது. அவர் சிந்தும் கஞ்சிப் பருக்கையில் அதன் பிழைப்பு ஓடியது.

மறுநாள் அவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வருவதாக இருந்தார்கள். மருமகள் பூங்கொடி பூச்சி ஸ்பிரே டப்பாவோடு அறைக்குள் வந்து, ஜன்னல்களை இறுகச் சாத்தினாள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயோ, குருவிங்களுக்கு ஆகாதே!"

ஜன்னலோரம் தொங்கிய லவ்பேர்ட்ஸ் கூண்டைப் பதவிசாகத் தூக்கிப்போய்க் கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

கரப்பான் மெல்ல எட்டிப் பார்த்து டப்பாவிடம் கேட்டது: "அண்ணே, என் கதையை விடுங்க. கட்டில்ல ஒருத்தர் மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருக்காரே, அவரை மறந்துட்டாங்களா?"

"போடா! இத்தனையும் அவருக்காகத்தான்," என்றது டப்பா. "நோயாளி இருக்கிற இடம் சுத்தமா இருக்க வேணாமா?"

புஸ்ஸென்று அடித்தது. கரப்பான் விழுந்தடித்து ஓடி, கதவிடுக்கில் புகுந்து, கூண்டுக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. வைத்திலிங்கத்தால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை.

சாயங்காலமே ஆம்புலன்ஸ் வந்துவிட்டது.

"எல்லாம் இந்தக் கரப்பானால வந்தது," என்று மூக்கைச் சிந்தியபடியே ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள் பூங்கொடி. பிளாஸ்க், டம்ளர், துண்டு எல்லாம் வைத்தவள், "அங்கே எப்படி இருக்குமோ" என்று டப்பாவையும் எடுத்துச் செருகிக்கொண்டாள்.

பைக்குள்ளிருந்து தலையை நீட்டி, டப்பா கரப்பானைப் பார்த்தது.

"சொன்னேன்ல, அவருக்காகத்தான்னு."